ராத்திரிக்கு என்ன கறி?

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யார் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி இதுதான். சோறா என்று யாரும் கேட்பதில்லை. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, அதனால் ராத்திரி ஒரு வேளையாவது சோறு இருந்தாக வேண்டும். அதுவும் இல்லாத நாளில் அப்பா படுக்கும்போது சுவரைப் பார்த்து "இன்னைக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்ல" என்பார், நாலு ரொட்டியை முழுசாக முடித்த பிறகுதான்.

நான் ராத்திரிச் சமையலைக் கையில் எடுத்தது 2022 ஏப்ரலில். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் ஆறு வருஷம் நின்றேன், வியாபாரம் படுத்தது, "நிலைமை சரியானதும் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள், அப்புறம் கூப்பிடவே இல்லை. இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்கு முதுகு போய்விட்டது, தங்கச்சி அப்போது ஏ.எல். (உயர்தரம்) படித்துக்கொண்டிருந்தாள். வேலையில்லாமல் வாசல் திண்ணையில், நாங்கள் சொல்லும் இஸ்தோப்பில், உட்கார்ந்திருந்த அந்த முதல் வாரத்தில்தான் அம்மாவின் சாயங்காலத்தை முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அதுவரை லீவுக்கு வந்து தட்டை நீட்டிய ஆள் நான்.

அந்தி நேரத்தில் கொழுந்தை நிறுத்துக்கொடுத்து முடிந்து அம்மா ஐந்தேகாலுக்கு வருவார். கூடையை இறக்கி, காலில் அட்டை கடித்த இடத்தைத் துடைத்து, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கை அவிழ்த்துக் காயப்போட்டதும் நேரே குசினி. அடுப்பு பற்ற அரை மணி நேரம், ஈர விறகென்றால் முக்கால். அரிசி, பருப்பு, ஒரு சம்பல், இருந்தால் ஒரு காய். எட்டு மணிக்கு எங்களுக்குப் பரிமாறுவார். எட்டரைக்குப் பானையின் அடியில் இருப்பதை வழித்து, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிடுவார். காலை நாலரைக்கு மறுபடி எழும்பி ரொட்டி. அதாவது ஒரு நாளில் அம்மா உட்காருவது மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு மட்டும்தான். சரி, நாளையிலிருந்து நான் ஆக்குகிறேன் என்று சொன்னேன். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் மறுநாள் ராத்திரி புரிந்தது.

முதல் நாள் கடலைக்கறி வைத்தேன், கொழும்பில் பொடியன்கள் சேர்ந்து ஆக்கும் கறி அது. மூன்று மணிக்கு ஊறப்போட்டு ஐந்து மணிக்கு அடுப்பில் ஏற்றினேன், தக்காளியும் கொறுக்காய்ப்புளியும் முதலிலேயே போட்டேன். ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி. கடலை கல்லு மாதிரியே கிடந்தது. தங்கச்சி ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள், குதித்தது. அன்றைக்கு எல்லாரும் சோற்றில் அந்தக் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டோம்.

நான் செய்தது மூன்று பிழை. ஒன்று ஊறவைத்தது போதாது. கடலை ராத்திரியே ஊற வேண்டும், குளிரில் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும், வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் கொஞ்சம் சீக்கிரம். இரண்டாவது புளி. தக்காளி, கொறுக்காய்ப்புளி, பழப்புளி எதுவானாலும் கடலையோ கௌபியோ வெந்த பிறகுதான் போட வேண்டும், முன்னால் போட்டால் தோல் இறுகி வேகாமல் அடம்பிடிக்கும். மூன்றாவது நான் நினைத்தே பார்க்காதது, மலை. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். உயரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை. ஹட்டன் 1,270 மீட்டர் அளவில் இருக்கிறது, அங்கே 96 பாகைக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். நுவரெலியா 1,868 மீட்டர், அங்கே 94. பானை தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறது என்று நினைப்போம், ஆனால் கொழும்புக் கொதியை விட அது ஆறின கொதி. விறகைத் தள்ளி எவ்வளவு எரித்தாலும் அந்தச் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும், விறகுதான் வீண். மூடியை இறுக்கி ஆவியை அடைத்தால்தான் சூடு ஏறும். அதனால் மலைநாட்டில் குக்கர் ஆடம்பரச் சாமான் கிடையாது. சம்பளத்தில் முதலில் வாங்க வேண்டிய பாத்திரம் எது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

குக்கரும் வாங்கினோம். வாங்கின இரண்டாவது வாரம் அதன் பிடியை விறகு அடுப்பில் கருக்கினேன், அது வேறு கதை. விறகில் குக்கர் வைக்கிறவர்கள் நெருப்பை நடுவில் மட்டும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள், பிடிப் பக்கம் சுவாலை போகக் கூடாது, ரப்பர் வளையமும் சீக்கிரம் போய்விடும். அடியில் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி ஒரே தேய்ப்பில் கழன்று வரும். இதைச் சொல்லிக்கொடுத்தது அம்மா, நான் ஒரு மாதம் கரி தேய்த்த பிறகு.

அது எந்தக் காலம் என்று நினைவிருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டினார்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய், அந்த விலைக்கும் வரிசையில் நிற்க வேண்டும். அம்மாவின் நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய். டவுனில் காஸ் அடுப்பு வைத்திருந்தவர்களெல்லாம் விறகு தேடி அலைந்தபோது லயத்து ஆட்கள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தோம், எங்களிடம் மிலாறு இருந்தது. கவ்வாத்து வெட்டின, அதாவது செடியைக் கத்தரித்துவிட்ட, மலையில் கிடக்கும் தேயிலைக் குச்சிதான் மிலாறு. காய்ந்த மிலாறு சடசடவென்று பிடிக்கும், நல்ல சூடு, ஆனால் நின்று எரியாது. பற்றவைக்க மிலாறு, நின்று எரியக் கிரண்டிஸ் மரக் கட்டை, இரண்டும் வேண்டும். மழைக் காலத்தில் வெளியே அடுக்கின விறகு பிரயோசனமில்லை, அடுத்த இரண்டு நாளைக்கு வேண்டியதாவது அடுப்புக்கு மேலே பரணில் காய்ந்துகொண்டிருக்க வேண்டும். நான் தினமும் சோறு வடித்ததும் மறுநாள் விறகைப் பரணில் ஏற்றிவிடுவேன். அடுப்பு பற்றுகிற அரை மணி நேரம் பத்து நிமிஷமாகக் குறைந்தது இந்த ஒரு வேலையால்தான். புகை குறைந்ததில் அப்பாவின் இருமலும் கொஞ்சம் அடங்கியது.

சோற்றுக்கு இன்னொரு வழி பிடித்துக்கொண்டேன். எங்கள் நாலு பேருக்கு சுண்டு என்கிற அளவில் மூன்று சுண்டு அரிசி, பெரும்பாலும் நாட்டரிசி. கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, கொழும்பில் வைப்பதைவிட அரைச் சுண்டு தண்ணீர் கூட வைத்து, முக்கால் வேக்காடு ஆனதும் பானையை இறக்கித் தணலுக்குப் பக்கத்தில் வைத்து மூடி, மேலே பழைய சாக்கைப் போட்டுச் சுற்றிவிடுவேன். மிச்சத்தை அது தானாக வேகும். சுவாலை அடுத்த கறிக்கு. ஒரே அடுப்பில் இரண்டு கறி ஒரு சோறு ஒரு மணி நேரத்தில் முடிகிறதென்றால் காரணம் அந்தச் சாக்குதான்.

இனி கறிக்கு வருகிறேன். மலையில் இருக்கிறவர்களுக்கு மரக்கறி மலிவு என்று கொழும்பில் எல்லாரும் நினைக்கிறார்கள். கரட்டும் லீக்ஸும் கோவாவும் (முட்டைக்கோஸ்) எங்கள் கண் முன்னால்தான் விளைகிறது, லொறியில் ஏறி தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகிறது, எங்கள் கடைக்கு வரும்போது கொழும்பு விலைதான். 2022 செப்டம்பரில் உணவு விலை ஒரு வருஷத்தில் 94.9 வீதம் ஏறியதாகக் கொழும்பு விலைக் கணக்கு சொன்னது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது வேலியில் கிடந்த சவ்சவ் கொடி. அதை யாரும் மதிப்பதில்லை. விருந்தாளிக்கு வைத்தால் முகம் சுளிப்பார்கள், எங்கள் தங்கச்சியே "மறுபடியும் சவ்சவ்வா" என்பாள். ஆனால் காய் பருப்போடு சேரும், கருவாட்டோடு சேரும், கொடியின் நுனிக் கொழுந்தை ஒடித்துச் சுண்டல் போட்டால் கீரை, முற்றின கொடியைத் தோண்டினால் கிழங்கு. அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயி, இருந்த காலத்தில் சொல்வார், 1973, 74ல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டத்தில் பசியில் ஆட்கள் செத்தபோது இதையும் காட்டுக்கீரையையும் அவித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தோம் என்று. அதனாலேயே அம்மாயி கடைசி வரைக்கும் சவ்சவ் சாப்பிட மாட்டார். அதே அம்மாயிதான், வேலியில் கொடி இல்லாத வீட்டில் பெண் எடுக்காதே என்றும் சொல்வார். சவ்சவ்வின் பால் கையில் பட்டால் தோல் இறுகி உரியும், தண்ணீருக்குள் வைத்தே சீவுங்கள், இல்லாவிட்டால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், ஆகவே எங்கள் வீட்டில் வருஷத்தில் பாதி நாள் போத்தலுக்குள் அது மெழுகுவத்தி. முதல் மாதம் போத்தலை அடுப்புக் கட்டில் வைத்து உருக்கப் போய் பிளாஸ்டிக் போத்தலே சுருங்கியது. வாய் அகலமான ஜாம் போத்தலில் ஊற்றிவைத்துக் கரண்டியால் சுரண்டி எடுப்பதுதான் சரி. சுரண்டி எடுத்தால் எண்ணெய் குறைவாகவும் செலவாகிறது, ஊற்றும்போது கை தாராளமாகிவிடும்.

கருவாடுதான் எங்கள் வீட்டு உண்மையான கறி. நெத்தலி வாரத்தில் மூன்று நாளாவது உண்டு, கட்டாக் கருவாடு சம்பளம் போட்ட பத்தாம் தேதியை ஒட்டி, அன்றைக்கு மட்டும் கோழி. மலைக் காற்றில் ஈரம் அதிகம், பையில் முடிந்துவைத்த கருவாட்டில் நாலே நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். நான் ஒரு கிலோ மொத்தமாக வாங்கினால் லாபம் என்று கணக்குப் போட்டு அப்படி அரைக் கிலோவைக் குப்பையில் கொட்டினேன். இப்போது கால் கிலோ, நூலில் கோத்துப் பரணுக்குக் கீழே தொங்கும், புகை பட்டால் லேசில் கெடாது. சமைக்கிற முறை சொல்கிறேன். நெத்தலியைத் தலை கிள்ளி வெந்நீரில் ஐந்து நிமிஷம் போட்டு, இரண்டு தரம் அலசி, கையால் பிழிந்து வையுங்கள். சட்டி காய்ந்ததும் ஒரு கரண்டி எண்ணெய், நெத்தலியை முதலில் தனியாக மொறுமொறுவென்று வறுத்து எடுத்துவிட வேண்டும், அந்த எண்ணெயிலேயே பெரிய வெங்காயம் இரண்டு, பச்சைக் கொச்சிக்காய் (மிளகாய்), கறிவேப்பிலை, இடிச்ச கொச்சிக்காய். வெங்காயம் பாதி வதங்கியதும் தக்காளி ஒன்று, அப்புறம் லீக்ஸ் ஒரு தண்டு. லீக்ஸைக் குறுக்கே வெட்டிக் கழுவினால் மண் போகாது, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மடல் மடலாக விரித்துக் கழுவ வேண்டும், பச்சை இலையையும் எறியாதீர்கள், அது தனியாக ஒரு சுண்டலுக்கு ஆகும். கடைசியில் நெத்தலியைக் கொட்டி இரண்டு புரட்டு. உப்பு போடுவதற்கு முன்னால் ஒரு வாய் பாருங்கள், பெரும்பாலும் வேண்டியிருக்காது. நான் பார்க்காமல் போட்ட அன்று அப்பா மூன்று செம்பு தண்ணீர் குடித்தார், ராத்திரி பூராவும் கக்கூசுக்கு எழும்பி நடந்தார், ஒவ்வொரு தடவையும் என் காலை மிதித்துக்கொண்டு.

பருப்பு சொல்ல ஒன்றுமில்லை. மைசூர்ப் பருப்பு மலையிலும் இருபது நிமிஷத்தில் வெந்துவிடும், ஏழை வீட்டுக்கென்றே படைத்த தானியம் அது.

கஷ்டப்பட்டது சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி விஷயத்தில்தான். சோறு தின்று முடித்த கையோடு ஆளுக்கொரு கோப்பை சாயத்தண்ணி, பால் விடாத தேத்தண்ணி, எங்கள் வீட்டு வழக்கம், தேயிலை விளையும் ஊரில் அதை வேண்டாமென்று யார் சொல்வது. தங்கச்சிக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தபோது அங்கிருந்த மிஸ் கேட்டாராம், "சாப்பிட்டதும் தேத்தண்ணி குடிப்பியா?" என்று. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது. நான் கொண்டுவந்த ஏற்பாடு, அடுப்பில் கேத்தலை எட்டு மணிக்குத்தான் ஏற்றுவது. சாப்பாடு ஏழு மணிக்கு. அப்பா முதல் வாரம் "இது என்ன ஆஸ்பத்திரியா" என்று முறைத்தார், பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார், அத்தை வந்து என்னிடம் காட்டிக்கொடுத்தார். அதே அத்தைதான் நான் அம்மியில் சம்பல் அரைக்கும்போதெல்லாம் வாசலில் நின்று "இவனுக்குப் பெண் பார்க்க வேணாம், மாப்பிள்ளை பார்த்தால் போதும்" என்று லயத்துக்கே கேட்கச் சொல்வார். சொல்லிவிட்டுச் சம்பலில் ஒரு பிடி வாங்கிக்கொண்டும் போவார்.

அம்மாவை உட்காரவைக்கத்தான் ஆன நாள் அதிகம். சமையல் தயாராக இருக்கிறது, சூடாக இருக்கிறது, பாயும் போட்டாயிற்று, அப்படியும் அம்மா குசினிக்கும் இஸ்தோப்புக்கும் நடந்துகொண்டே இருப்பார், பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார், தண்ணீர் மொண்டு வைப்பார், "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்பார். ஏதோ எனக்குச் செய்யத் தெரியாததைக் கண்டுபிடிக்கத்தான் சுற்றுகிறார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள் தங்கச்சி சொன்னாள், "அம்மாவுக்கு முன்னாடி நாம சாப்பிட்டா மிச்சம் எவ்வளவுன்னு அம்மாவுக்குத் தெரியும், அதுக்காகத்தான்." அன்றிலிருந்து நான் பரிமாறும் முறையை மாற்றினேன். பானையை நடுவில் வைப்பதில்லை. நாலு தட்டிலும் குசினியிலேயே போட்டு, முதல் தட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றத் தட்டுகள். நெத்தலியும் எண்ணிப் போடுவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. கையில் தட்டு இருந்தால் நிற்க முடியாது, உட்காரத்தான் வேண்டும். மூன்றாம் நாள் அம்மா உட்கார்ந்து, முதல் வாய் எடுத்து, "பருப்புல உப்பு பத்தல" என்றார்.

இப்போது டவுனில் ஒரு கடையில் வேலை, மூன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். 2024ல் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது, அதே வருஷக் கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டது, அதனால் தேங்காய்ச் சம்பல் வாரத்தில் இரண்டு நாள்தான், மற்ற நாளில் வெங்காயமும் கொச்சிக்காயும் மாசிக் கருவாடும் இடித்த கட்டச்சம்பல். எனக்கு அதுதான் பிடிக்கும், தேங்காய் மலிந்தாலும் மாற்றப்போவதில்லை.

ரொட்டி மட்டும் இன்னும் அம்மாவின் கையில்தான். நான் தட்டியது எல்லாம் காலையில் தகரம், மத்தியானம் மலையில் பிரித்தால் பலகை. வெந்நீரில் பிசைந்து பார்த்தேன், ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பார்த்தேன், மூடிவைத்து அரை மணி நேரம் கழித்துத் தட்டிப் பார்த்தேன், கொஞ்சம் இளகியது, அம்மாவின் ரொட்டி ஆகவில்லை. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அம்மா மா பிசையும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாவை அவர் தொடவே இல்லை முதலில். துருவின தேங்காயில் உப்பைப் போட்டு, இரண்டு கையாலும் பிசைந்து, பால் கசிந்து விரலிடுக்கில் வழிகிற வரைக்கும் அமுக்கினார். அதற்குப் பிறகுதான் மா, அதற்கும் பிறகு கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர். நான் இத்தனை நாளும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா இதை மூணு வருஷமா சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கலையே தம்பி" என்றார், மாவைத் தட்டிக்கொண்டே.